ஜெய்ப்பூரில் குந்திவிட்ட உங்கள் தங்கை பற்றி

முஸாபிர்கானா,
ஜெய்ப்பூர்.
29.01.1959

சாய்ந்தமருதில் வாழும் கண்ணியமிக்க மச்சான், தலைமையாசிரியர் முத்தலிப் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இவ்விடம் சுகம், அவ்விடத்துச் சுகமறிய ஆவல் என்று தொடங்குவதுதான் முறை. நானும் அப்படியே தொடங்கத்தான் பேனையை எடுத்தேன். ஆனால் இவ்விடத்துச் சுகம் இரண்டு வகையாக இருப்பதால் பிரித்து எழுத வேண்டியிருக்கிறது. எனக்குத் தடிமல், முழங்கால் வலி, குளிரில் உதடு வெடித்து ஸலவாத்துக்கூட முழுதாக ஓத முடியவில்லை. உங்கள் தங்கை றுகையாவுக்கு ஒரு குறையும் இல்லை. கன்னத்தில் சதை வைத்திருக்கிறது. நான் இந்தக் கடிதத்தை எழுதுவதற்குக் காரணமே அவவின் சுகம்தான்.

அஜ்மீர் தர்கா ஸியாரத் அல்லாஹ்வின் உதவியால் நல்லபடி முடிந்தது. உங்களுக்காகவும், உங்கள் பாடசாலைக் கூரைக்கு ஓடு போட அனுமதி வரவும் துஆக் கேட்டோம். அத்தோடு நேராக ஊர் திரும்பியிருந்தால் இன்றைக்கு நான் உங்கள் முன்னால் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பேன். பிழை என்னுடையதுதான், அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். முப்பத்தொரு வருடம் நீர்ப்பாசனக் கந்தோரில் ஓவசியராக நின்று ஒரு வாய்க்காலையாவது நேராக வெட்டுவிக்க நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். ஒரு இடத்தில் வயல்காரப் போடியாரின் மாமரம், அதைச் சுற்றி வளைக்க வேண்டும். இன்னொரு இடத்தில் போடியாரின் மச்சானுடைய மாட்டுப்பட்டி, அதையும் வளைக்க வேண்டும். பென்சன் எடுக்கும்வரை நான் வெட்டுவித்ததெல்லாம் பாம்பு போன பாதைதான். இப்படிப்பட்டவனிடம் கோச்சியில் வந்த ஒரு பெரியவர், ஜெய்ப்பூர் என்றொரு பட்டணம் உண்டு, இருநூற்றிச் சொச்சம் வருடத்துக்கு முன்பே அதை ஒரு ராசா ஒன்பது சதுரமாகக் கயிறு பிடித்துக் கட்டினார், தெரு எல்லாம் அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல் இருக்கும் என்று சொன்னால் நான் இறங்காமல் இருப்பேனா? றுகையாவுக்கு அதில் விருப்பமே இருக்கவில்லை. அஜ்மீர் ஸ்டேசனில் வைத்தே சொல்லிப்போட்டா.

"எனக்கு ஒரு ஊரும் பாக்கத் தேவல்ல. இளைய மகள் ஸகியா புள்ளத்தாச்சி, தனிய இரிக்கி. நேரா வீட்ட போவம்."

"ஒரு நாள்தான். காலையில இறங்கிப் பாத்துப்போட்டு, பின்னேரம் ஐந்தேகால் டில்லிக் கோச்சியில ஏறுறம்," என்றேன்.

இறங்கினோம். ஸ்டேசன் வாசலில் ஸலாஹுதீன் என்றொரு குதிரைவண்டிக்காரர் நின்றார். யுத்த காலத்தில் இரண்டு வருடம் திருகோணமலையில் பட்டாளத்தோடு இருந்தவராம். எங்கள் பேச்சைக் கேட்டதும் ஓடிவந்து, நெஞ்சில் கையை வைத்துக் குனிந்து, மிகுந்த பணிவோடு, "டேய் சாஹிப், வாடா, ஏறுடா," என்றார். நான் திகைத்துப்போனேன். றுகையாவின் பக்கம் திரும்பி, "டேய் அம்மா, பையக் குந்து," என்றார். நல்ல மனிதர், தொழுகையாளி. துறைமுகத்தில் அவரோடு வேலை செய்தவர்கள் அவருக்குச் சொல்லிக்கொடுத்த தமிழ் அவ்வளவுதான். மரியாதைத் தமிழ் என்று ஒன்று இருப்பதை அவர் காதால் கேட்டதே இல்லை. ஒரு நாள் முழுக்க அவரைத் திருத்திப் பார்த்தேன். பிறகு விட்டுவிட்டேன். இப்போது அவர் 'டா' போடாமல் கூப்பிட்டால் என்னில் ஏதோ கோபமோ என்று யோசனை வருகிறது.

அவர் எங்களை முதலில் கொண்டுபோனது ஜந்தர் மந்தர் என்ற இடத்துக்கு. அந்தப் பட்டணத்தைக் கட்டிய ராசாவே வான சாஸ்திரம் பார்க்கக் கட்டியது. அதில் ஒரு வெயில் மணிக்கூடு, உயரம் தொண்ணூறு அடி. படிக்கட்டு ஏறும் ஒரு பெரிய முக்கோணச் சுவரும், இரண்டு பக்கமும் வளைந்து நிற்கும் கோடு கீறிய கல்லும். சுவரின் நிழல் அந்தக் கல்லில் நிமிடத்துக்கு நாலு விரல் அகலம் நகர்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். என் வாழ்நாளில் இவ்வளவு திருத்தமான ஒரு வேலையை நான் கண்டதில்லை. நிழல் பதினொன்று இருபத்திரண்டில் நின்றது. என் கை மணிக்கூட்டைப் பார்த்தேன், சரியாகப் பன்னிரண்டு. முப்பத்தெட்டு நிமிடம் வித்தியாசம். மட்டக்களப்பில் கோச்சி ஏறிய நாள் தொட்டு என் மணிக்கூடு விரைவாக ஓடி என்னை ஏமாற்றியிருக்கிறது என்று விளங்கியது. உடனே கழற்றி நிழலுக்குச் சரியாகத் திருப்பி வைத்தேன்.

"காலையில ஸ்டேசன் மணிக்கூடும் உங்கட மணிக்கூடும் ஒண்டாத்தானே இரிந்த," என்றா றுகையா.

"ஸ்டேசன் மணிக்கூடு மனிசன் முறுக்குறது. இது சூரியன். சூரியனுக்குப் பிழைக்குமா?" என்றேன்.

பின்னேரம் கோச்சிக்கு இருபத்தைந்து நிமிடம் இருக்கும்போதே ஸ்டேசனுக்குப் போய்விட்டோம். என் மணிக்கூட்டில் நாலு ஐம்பது. மேடையில் ஒரு ஆடு மட்டும் நின்றது. டில்லிக் கோச்சி எப்போது வரும் என்று கேட்டேன். அது போய்ப் பதின்மூன்று நிமிடம் என்றார் ஸ்டேசன் மாஸ்டர். நான் மணிக்கூட்டை நீட்டினேன். அவருக்கு அது புதிய விஷயமாக இருக்கவில்லை. அந்த நிழல் காட்டுவது ஜெய்ப்பூர்ச் சூரியனின் நேரம், கோச்சி ஓடுவது இந்தியா முழுவதற்கும் பொதுவான நேரத்தில், ஒன்றிலிருந்து மற்றதற்கு வர ஒரு கணக்கு உண்டு, அது மாதத்துக்கு மாதம் மாறும் என்று இங்கிலீசில் பொறுமையாக விளங்கப்படுத்தினார். அடுத்த ஆசனம் ஆறு நாளைக்குப் பிறகுதான் கிடைக்கும் என்றும் சொன்னார். றுகையா ட்ரங்குப் பெட்டியின் மேல் குந்தியிருந்தா. ஏசுவா என்று பார்த்தேன். ஏசவில்லை. "இப்ப சரியான நேரம் என்ன?" என்று மட்டும் கேட்டா. மச்சான், ஏசியிருந்தால் எனக்கு இவ்வளவு நொந்திருக்காது.

ஆறு நாளை எப்படிக் கழிப்பது? மறுநாள் ஸலாஹுதீன் எங்களை ராம் நிவாஸ் தோட்டத்துக்குக் கொண்டுபோனார். இதுதான் எல்லாவற்றுக்கும் மூலம், கவனமாக வாசிக்கவும். பெரிய தோட்டம். புல், பூ, நிழல் மரம், தண்ணீர் ஓடும் கான், நடுவில் அரண்மனை போல ஒரு நூதனசாலை, ஒரு பக்கத்தில் சிங்கம் கரடி வைத்த மிருகக் காட்சிசாலை. றுகையா வாசலில் நின்று சுற்றிப் பார்த்துவிட்டு, இது ஆருட வளவு என்று கேட்டா. ஒருவருடையதும் இல்லை, ஊர்ச் சனங்களுக்காக ஒரு ராசா போட்டுக் கொடுத்தது என்றேன்.

"இதில என்ன விளையுது?"

"ஒண்டும் விளையாது."

"புல்லு மாட்டுக்கா?"

"மாடு விடமாட்டாங்க. சனங்கள் வந்து இரிந்துபோட்டுப் போறதுக்குத்தான்."

"இரிந்து என்ன செய்யிற?"

"சும்மா இரிக்கிறதுதான்."

அவ நம்பவில்லை. ஸலாஹுதீனிடமும் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டா. பிறகு ஒரு வேப்பமர நிழலில் கிடந்த நீளப் பலகை வாங்கின் ஓரத்தில், பஸ்ஸில் அறியாத ஆளுக்குப் பக்கத்தில் குந்துவதுபோல, பாதி வாங்கில் குந்தினா. நான் நூதனசாலை பார்க்கக் கூப்பிட்டேன், வந்தா. அங்கே எகிப்து என்ற மிசிர் தேசத்துப் பெண் ஒருத்தியின் மையித்து, துணி சுற்றிய மேனிக்கு, ஆயிரக்கணக்கான வருடமாகக் கெடாமல் கண்ணாடிக்குள் கிடக்கிறது. றுகையா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கிட்டப் போய் வெகுநேரம் பார்த்தா.

"இந்தப் பொம்புளய ஏன் இன்னும் அடக்கல்ல?"

"பாக்கிறதுக்கு வெச்சிரிக்கிறாங்க."

"மௌத்தாகியும் அவவைக் கொஞ்சம் படுக்க விடுறாங்க இல்ல," என்று சொல்லிவிட்டு யாஸீன் ஓதத் தொடங்கினா. அது பிர்அவ்ன் ராசாவுடைய கூட்டம், அதற்கு ஓதலாமா என்று பள்ளியில் கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்று நான் தடுத்தேன். "பிர்அவ்னுக்கு ஓதல்ல. இவக்கு ஓதுறன்," என்றா. காவல்காரர் உட்பட எட்டுப் பேர் கூடி நிற்க, யாஸீன் முழுவதையும் ஓதி முடித்துத்தான் வெளியே வந்தா. வந்தவ நேரே அந்த வாங்குக்குப் போய் இந்த முறை நடுவில் குந்தினா.

மூன்றாம் நாள் நான் காணாமற்போனேன். காலையில் ரொட்டி வாங்கப் போனவன். கயிறு பிடித்துக் கட்டிய ஊரின் சிறப்பு என்னவென்றால் ஒரு தெருவைப் பார்த்தால் எல்லாத் தெருவையும் பார்த்தமாதிரி. எல்லாம் நேர், எல்லாம் ஒரே அகலம், கட்டடம் எல்லாம் ஒரே காவிச் சிவப்பு. வலது பக்கம் திரும்பினேன், திரும்பவும் வலது, திரும்பவும் வலது, அதே பித்தளைக் கடைக்காரர் நாலாம் முறை எனக்கு ஸலாம் சொன்னார். நம்முடைய ஊரில் கோணல் வேலியைக் கண்டால் மசூர் வீடு, சாய்ந்த தென்னையைக் கண்டால் பள்ளி ஒழுங்கை என்று கண்ணை மூடிக்கொண்டு போகலாம். இங்கே பிடித்துக்கொண்டு போக ஒரு கோணலும் இல்லை. பகல் பன்னிரண்டரைக்கு ஸலாஹுதீன் என்னைக் கண்டுபிடித்து, "டேய் கிழவா, எங்கடா போன," என்று கண் கலங்கிக் கேட்டார். நாங்கள் தங்கியிருக்கும் முஸாபிர்கானாவுக்குப் போய்ப் பார்த்தால் றுகையா இல்லை. என்னைத் தேடித் தவிக்கிறாவோ என்று பதறினேன். அவ தோட்டத்தில், வாங்கில் இருந்தா. "வந்திட்டீங்களா? ரொட்டி ஆறிப் பெய்த்திருக்குமே," என்றா.

நாலாம் நாள் ஆம்பேர்க் கோட்டை. அது பட்டணத்துக்கு வெளியே மலை மேல் இருக்கிறது. யானை மேல் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். மச்சான், கல்லோயாக் காட்டு யானை நம் வயலுக்குள் இறங்கினால் நாம் சீனவெடி கொளுத்தித் தகரம் அடிக்கிறவர்கள். அதன் முதுகில் குந்திப் போவது எனக்குச் சரிப்படவில்லை. நான் யானையைப் பார்த்தேன், யானை என்னைப் பார்த்தது, நடந்தே வருகிறேன் என்று சொன்னேன். உங்கள் தங்கை, வீட்டில் பல்லி விழுந்தால் மூன்று வீட்டுக்குக் கேட்கக் கூப்பாடு போடுகிறவ, ஏணியில் ஏறி யானை மேல் குந்திவிட்டா. நான் பின்னால் மூச்சு வாங்க நடந்தேன். பாதி மலையில் யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது. ஆரோ வெளியூர்ப் பொம்புளை என்று நினைத்து அண்ணாந்து பார்த்தேன். றுகையா. முப்பத்தைந்து வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தும் அந்தச் சிரிப்பு எனக்கு அடையாளம் தெரியவில்லை.

அதன் பிறகு தினமும் தோட்டம்தான். நானும் கூட இருந்து பார்த்தேன், எனக்கு ஏலவில்லை. ஐந்தாம் நாள், கானில் தண்ணீர் ஒரு பக்கம் தேங்கி மறுபக்கம் பாத்தி காய்ந்து கிடந்ததைக் கண்டேன். சரிவு பிழை. தோட்டக்காரரின் மண்வெட்டி சும்மா கிடந்தது. ஒரு சின்ன வெட்டுத்தான் வெட்டினேன். தண்ணீர் நான் நினைத்த பாத்திக்குப் போகாமல் மிருகக் காட்சிசாலை போகும் பாதைக்குப் போய்விட்டது. பாடசாலைப் பிள்ளைகள் நாற்பது பேர் சப்பாத்தோடு வரிசையில் வந்துகொண்டிருந்தார்கள். தோட்டக்காரர் என்ன சொன்னார் என்று விளங்கவில்லை. ஸலாஹுதீன் அதைத் தமிழில் சொன்னபோது, அவருக்குத் தெரிந்த தமிழ் அதற்குப் போதுமானதாக இருந்தது.

நேற்று எங்கள் பயண நாள். பெட்டியைக் கட்டி வண்டியில் ஏற்றி, வழியில் அவவை ஏற்றிக்கொண்டு போகத் தோட்டத்துக்குப் போனேன்.

"எழும்புகா, நேரம் பெய்த்து."

"நீங்க போங்க. நான் வரல்ல."

"எங்க வரல்ல?"

"கோச்சிக்கும் வரல்ல. ஊருக்கும் வரல்ல."

பகிடி விடுகிறா என்று நினைத்தேன். ஆரும் ஏதாவது சொன்னார்களா என்று கேட்டேன்.

"ஒருத்தரும் ஒண்டும் சொல்லல்ல. அதுதான் நல்லா இரிக்கி. வந்து ஒரு கிழமையா உம்மா உப்பு எங்க, உம்மா புள்ள அழுகுது, உம்மா கோழி வேலிக்க பூந்திட்டு எண்டு ஆரும் கூப்பிடல்ல. என்ட காது இவ்வளவு நாளும் எவ்வளவு நொந்த எண்டு இஞ்ச வந்துதான் எனக்குத் தெரியும்."

"அதுக்கு இஞ்சயே குந்திக்கொண்டு இரிக்க ஏலுமா? எங்களுக்கு அங்க வீடில்லயா?"

"எங்க இரிக்கி? மூணு பொம்புளப் புள்ளைக்கும் மூணு வீட்டைச் சீதனமாக் குடுத்தம். மூணு வீட்டிலயும் எனக்கு அடுப்படி இரிக்கி. குந்துறதுக்கு ஒரு இடம் சொல்லுங்க பாப்பம்."

ஸகியா வீட்டு முன்விறாந்தை என்று சொல்ல வாயெடுத்தேன். அங்கே சாய்கதிரை போட்டு நான் இருப்பது ஞாபகம் வந்தது. மூத்தவள் வீட்டு மாமர நிழலை நினைத்தேன். அங்கேயும் நான்தான், பேப்பர் வாசிக்கப் போவேன். நடுவிலாள் வீட்டில் வாசல் படலைக் கல். அசர் தொழுகைக்குப் பிறகு நானும் சிநேகிதன் சீனித்தம்பியும் அதில்தான் கதைத்துக்கொண்டிருப்போம். இப்படி யோசித்துக்கொண்டு நிற்க, தூரத்தில் கோச்சி ஊதியது. கையில் இருந்தது சரியான நேரம்தான், ஆனால் இந்த முறையும் போய்விட்டது. ஸலாஹுதீன் பெட்டியைத் திரும்ப இறக்கிவைத்தார்.

ஆகவே மச்சான், இது உங்களால் மட்டுமே ஆகிற காரியம். உங்கள் சொல்லை அவ ஒருநாளும் தட்டியதில்லை. இந்தக் கடிதம் கண்டவுடன் ஒரு தந்தி அடிக்கவும். எங்கள் விசா பெப்ரவரி பதினெட்டாம் திகதியோடு முடிகிறது. பறாஅத் இரவு வருகிறது, ரொட்டி சுடப் பிள்ளைகளுக்கு ஆள் இல்லை. ஸகியாவுக்கு எட்டாம் மாதம். இதையெல்லாம் கண்டிப்பாகச் சொல்லவும். தமையன் என்ற முறையில் நாலு கடும் சொல் போட்டாலும் பரவாயில்லை. ஆனால் தந்தி இங்கிலீசில்தான் வரும், நான்தான் அவவுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அதனால் நான் சொல்லி எழுதியது போலத் தெரியாதபடி எழுதவும். இடையில் எனக்கும் இரண்டு ஏச்சு இருந்தால் நம்புவா.

பிள்ளைகளின் மாமிக்கும், மூன்று மக்களுக்கும், மருமக்களுக்கும், பேரப்பிள்ளைகளுக்கும், கேட்ட எல்லோருக்கும் ஸலாம் சொல்லவும். அல்லாஹ் உங்கள் கைக்குப் பலத்தையும் உங்கள் தந்திக்கு விரைவையும் தருவானாக. ஆமீன்.

இங்ஙனம்,
உங்கள் மச்சான்,
அ. மீராசாஹிபு

பி.கு.: இது மறுநாள், வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்கு முன் எழுதுவது. நேற்றுப் பின்னேரம் கடிதத்தைத் தபாலில் போடப் புறப்பட்டேன். தபால்கந்தோருக்குத் தோட்டத்தால் போனால் கிட்ட. றுகையா என்னைக் கண்டதும் ஒதுங்கி இடம் விட்டா. ஒரு நிமிடம் என்று குந்தினேன். என்ன பார்க்கிறாய் என்று கேட்டேன். "ஒண்டும் இல்ல," என்றா. நானும் அதையே பார்த்தேன். வேப்பமரத்தில் மயில் ஒன்று வந்து இருந்தது. அது போன பிறகும் நாங்கள் எழும்பவில்லை. தபால்கந்தோர் பூட்டிவிட்டார்கள். ஆகவே மேலே எழுதியதில் ஸலாம்களை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடவும். தந்தி அடிக்க வேண்டாம். விசா முடியுமுன் கப்பல் ஏறத் தக்கதாகக் கடைசிக் கோச்சிக்குத்தான் சொல்லியிருக்கிறோம். பறாஅத் ரொட்டியை மருமகன்மார் மூவரும் சுட்டுப் பழகட்டும். இவ்வளவையும் றுகையாவுக்கு வாசித்துக் காட்டினேன். தமையன் உங்களுக்குத் தன் பேரில் இரண்டு வரி போடச் சொல்கிறா, அவ சொன்னபடியே எழுதுகிறேன்: "காக்கா, ஏச வேணா. ஏசுறதெண்டா இவரை ஏசுங்க. நேத்து மயிலு வந்த எண்டு எழுதியிரிக்கிறாரே, அதை நான் சொல்லித்தான் இவருக்குத் தெரியும். வாங்கு முழுக்கக் காலை நீட்டிக் குறட்டை விட்டவர் இவர், நான் புல்லுல குந்தியிரிந்தன்."